வாட்சர் பேசுறேன்

யதுர்ஷிகா முதலில் என்னிடம்தான் வந்தாள். அதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தனியார் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைதான். பதினொரு வருடமாக நான் அங்கே வாட்சர். கேட் திறப்பேன், மணி அடிப்பேன், கக்கூஸ் கழுவும் பெண் வராத நாளில் அதையும் செய்வேன். பின்பக்கம் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் அறை தந்திருந்தார்கள். அதுதான் வீடு. மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அங்கே இப்போது என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சுடலைமுத்து என்ற பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் நான் வாட்சர்.

படிப்பு நாலாம் வகுப்பு. அச்சில் இருந்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையால் எழுதியது என்றால் அதுவும் வராது.

இந்த வருடம் கம்ப்யூட்டர் படிப்பிக்க ஜீவராணி டீச்சர் வந்தார். கம்ப்யூட்டர் ரூமில் எட்டு மெஷினும், டேப் என்கிற பெரிய போன் மாதிரி இரண்டும் இருந்தன. ஏதாவது களவு போய்விடும் என்று அதிபருக்குப் பயம். அதனால் பாடம் நடக்கும்போது பூட்டும் திறப்புமாக நான் கதவடியில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். அப்படித்தான் அந்தப் பாடமெல்லாம் என் காதில் விழுந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்று இருந்தது. ஒரு நாள் பாஸ்வேர்ட் பாடம். கிஷாந்த் என்று ஒருவன் எழுந்து, "டீச்சர், என்ட பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

"என்னடா அது?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்.

"எங்கட நாயின்ட பேர்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த அறிவோடு இவர்கள் கையில் போனைக் கொடுக்கிறார்களே என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு நாள், ஒன்றை அனுப்புவதற்கு முதல் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆர் சொன்னது? நான் முழுசாப் பார்த்தேனா? இதால ஆருக்கு நோகும்? பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். உலகத்தில் பாதிப் பேர் கள்ளர்கள். மூன்று கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கள்ளன் போய்விடுவான். இதை நான் டீச்சரிடமே சொன்னேன்.

"போகட்டும் ஐயா" என்றார். "பிழையான ஆளைப் பிடிக்கிறதை விட அது பரவாயில்லை."

பிறகு படம் எடுக்கும் பாடம். ஒருவரைப் படம் எடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சீட்டு அடித்து வைத்திருந்தார். 'உங்களைப் படம் எடுக்கலாமா? வகுப்பில் மட்டும் காட்டுவோம்.' கீழே பெயர், கையெழுத்து. ஆளுக்கு ஒரு சீட்டு. எங்கள் தெருவில் வேலை செய்கிற ஒருவரைப் படம் எடுத்து, அவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். டேப் இரண்டுதான் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள்.

யதுர்ஷிகாவின் முறை வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விடப் பத்து நிமிடம் இருக்க, டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். சீட்டை நீட்டினாள்.

"வாட்சர் தாத்தா, உங்களைப் படம் எடுக்கலாமோ?"

"வேணாம்."

"வகுப்பில மட்டும்தான் காட்டுவம்."

"வேணாம்னா வேணாம் புள்ள. போ."

அவள் டேப்பைக் கீழே இறக்கிவிட்டாள். "சரி தாத்தா" என்றாள், முகம் கோணவில்லை. பின்னால் நின்ற டீச்சர், "கெட்டிக்காரி, வேண்டாம் எண்டா வேண்டாம்தான்" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு, "அப்ப அச்சாறு மாமாட்டக் கேட்டுப் பாரும். ஐயா, நான் ஒஃபிசில ஒரு கூட்டத்துக்குப் போறன். பிள்ளையை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சாறுக்காரன் கேட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு இருபது அடி தள்ளி, தள்ளுவண்டியோடு நிற்பான். மாங்காய், அம்பரெல்லா, அன்னாசி. வெட்டி மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுக் கடதாசியில் தருவான். கொட்டாஞ்சேனை ஆள். இரண்டு வருடமாக அங்கே நிற்கிறான். பெயர் எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. தினமும் "சலாம் ஐயா" என்பான். தலையை ஆட்டுவேன். ஏன் இவன் இவ்வளவு தூரத்திலிருந்து வந்து இந்தப் பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கிறான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

மணி அடித்தேன். வேன்கள் வந்துவிட்டன. ஒரு வேன் பின்னால் எடுக்கத் தெரியாமல் மதிலில் இடிக்கப் பார்த்தது. டிரைவரைத் திட்டி, கை காட்டி, சரியாக நிறுத்தவைக்க ஐந்து நிமிடம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தேன். அச்சாறுக்காரன் குனிந்து நின்று, தன் போனைப் பிள்ளைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். "சிரிங்க மகள்" என்று அவன் சொன்னது கேட்டது.

அவ்வளவுதான் நான் கண்டது.

என் போனை எடுத்து, கேட் கம்பிக்கு இடையால் அவனைப் படம் பிடித்தேன். பிள்ளை முதுகு காட்டி நின்றாள். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். பிறகு அவளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள்.

"தாத்தா, அவர் கேட்டுத்தான் எடுத்தவர். இந்தாங்கோ, சீட்டில பின்னால எழுதி…"

"வாய மூடிக்கிட்டு உள்ள போ."

சீட்டை அவள் நீட்டியபடியே நின்றாள். நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் எனக்கு வாசிக்க வராது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே எத்தனையோ பேர் இருந்தார்கள்.

கொரோனா நேரத்தில் பெற்றோருக்கு என்று ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். அது பிறகும் அப்படியே தொடர்ந்தது. அதில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நின்றால், வேன் பிந்தினால், நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு எழுத வராது, அதனால் பேசி அனுப்புவேன். மற்ற எல்லாரும் எழுத்துத்தான். என் குரல் மட்டும் குரல். "வாட்சர் சொன்னாச் சரி" என்று தாய்மார் என் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார்கள். கேட்டில் நிற்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அந்தப் படத்தைப் போட்டு, கீழே பேசினேன்.

"பெற்றோருக்கு வணக்கம். கேட்டுல இருந்து வாட்சர் பேசுறேன். நம்ம ரோட்டுல அச்சாறு விக்கிற ஆளு அஞ்சாம் வகுப்புப் புள்ள ஒண்ண போன்ல படம் புடிக்கிறான். நான் கண்ணால பாத்தேன். புள்ள புடிக்கிற கூட்டமா இருக்கும். எல்லாரும் பாத்து இருந்துக்கங்க."

இருபத்துமூன்று செக்கன்.

அரை மணித்தியாலத்தில் கஜேந்திரன் வந்தார். யதுர்ஷிகாவின் தகப்பன். காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. படத்தில் முதுகு காட்டி நின்ற பிள்ளையின் பையை அவருக்குத் தெரியும். அவரோடு கடைப் பொடியன்கள் நாலைந்து பேர். ரோட்டில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அச்சாறுக்காரன், "சேர், நான் புள்ளட்ட கேட்டுத்தான்…" என்று தொடங்கினான். அதற்கு மேல் பேச விடவில்லை. முதல் அடி கஜேந்திரனுடையது. வண்டியைக் கவிழ்த்தார்கள். யாரோ மிளகாய்த்தூள் டின்னை எடுத்து அவன் முகத்தில் கொட்டினார்கள். கொட்டிவிட்டுக் கையால் தேய்த்தார்கள்.

நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். கேட்டைப் பூட்டிக்கொண்டு நின்றேன். போதும் விடுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அம்புலன்ஸ் வந்து ஆளைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பொலிஸும் வந்தது. நான் கண்டதைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

வெள்ளி காலையில் டீச்சர் என் அறைக்கே வந்துவிட்டார். கையில் அந்தச் சீட்டு. கண் வீங்கியிருந்தது.

"ஐயா, ஒருக்கா வாசிக்கட்டே?"

முன்பக்கம் அச்சு. கீழே பெயர், எம். அஷ்பாக். கையெழுத்து. பின்பக்கம் பேனையால் எழுதியிருந்தது. டீச்சர் வாசித்தார்.

"'மகள், நானும் உங்களை ஒரு படம் எடுக்கலாமா? என்ட மகளும் அஞ்சாம் வகுப்பு. இப்படி ஒரு பிள்ளை என்னட்டக் கேட்டுப் படம் எடுத்தது எண்டு அவளுக்குக் காட்ட.' கீழ யதுர்ஷிகா ஓம் எண்டு எழுதிப் பேர் போட்டிருக்கிறா."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போவது போல எழுந்து போய்ச் சும்மா நின்றேன்.

"எனக்கும் இதில பிழை இருக்கு" என்றார் டீச்சர். "தன்னை ஆரும் எடுக்கக் கேட்டா, பிள்ளை தானா ஓம் சொல்லக் கூடாது, வீட்டில கேக்க வேணும். அந்தப் பாடம் வாற கிழமைக்கு வைச்சிருந்தனான். அவள் தனக்குத் தெரிஞ்ச மட்டும் ஒழுங்காத்தான் செய்திருக்கிறாள். அந்த மனுசனும்தான்."

"இப்ப என்னா செய்யணும்ங்கிறீங்க?"

"குரூப்பில நீங்கள் பேசுங்கோ. நான் எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். அதே குரல் சொன்னாத்தான் சனம் நம்பும்."

"நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

பயம்தான். வேறென்ன. அறுபத்தெட்டு வயதில் இந்த அறையை விட்டால் நான் எங்கே போவது? பொலிஸுக்குச் சொன்னதை மாற்றிச் சொன்னால் என்னையே உள்ளே போடுவார்களோ என்றும் இருந்தது. டீச்சர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கே சீட்டைக் கொண்டுபோய்ப் பொலிஸில் காட்டினார். பிரதி எடுத்துக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்களாம். அஷ்பாக் மேல் வழக்கு இல்லை என்றும் சொன்னார்களாம். ஆனால் வழக்கு இல்லை என்பதை வட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெஹிவளையில் இறங்கி, ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

வார்டில் கடைசிக்கு முந்திய கட்டில். அஷ்பாக்குக்கு இரண்டு கண்ணும் கட்டியிருந்தது. ஒரு கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலடிக்குப் போய் வாயைத் திறக்கப் போனேன். அதே நேரம் அந்தப் போனிலிருந்து என் குரல் வந்தது.

"பெற்றோருக்கு வணக்கம். கேட்டுல இருந்து வாட்சர் பேசுறேன்."

"நிப்பாட்டு ஜவாஹிறா" என்றார் அஷ்பாக். "எத்தின தரம்தான் கேப்ப?"

"இந்தக் கெழவன்ட கொரல மறக்கக் கூடா எண்டுதான்" என்றார் அவர். "கொட்டாஞ்சேனையில மகள்ட ஸ்கூல் குரூப்புக்கும் வந்தீக்கி. நேத்து வகுப்புல புள்ளகள் அவளப் பக்கத்துல இருந்து எழுப்பிட்டாங்களாம். புள்ளபுடிகாரன்ட மகளாம். எங்கயாலும் இந்தக் கொரல் கேட்டா எனக்குத் தெரியும்."

பிறகுதான் என்னைக் கண்டார். "ஆரு நீங்க?"

நான் பேசவில்லை. என்னால் எப்படிப் பேச முடியும்? பழப் பையை நீட்டினேன். கையால் வெள்ளவத்தைப் பக்கம் காட்டுவது போல ஏதோ காட்டினேன்.

"ஆரு வந்தீக்கிற?" என்று கேட்டார் அஷ்பாக்.

"தெரியல்ல. வயசாளி ஒருத்தர். வாய் பேச மாட்டார் போல."

"பாவம். இரிக்கச் சொல்லு. வெய்யில்ல வந்தீப்பார்." தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். "அந்த ஸ்கூல்ப் பக்கமா ஐயா? அந்தப் புள்ளக்கி ஒண்டும் இல்ல தானே? எனக்கு அடிச்சத்த அது பாத்தீக்காது தானே?"

தலையை ஆட்டினேன். அவருக்குக் கண் கட்டியிருந்தது. ஜவாஹிறாதான், "இல்லயாம்" என்று சொன்னார். சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எனக்கு ஒரு கோப்பை தந்தார். ஒரு கண் போய்விட்டதாக டொக்டர் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை, அடுத்த கட்டில்காரியிடம் மெதுவாகச் சொன்னார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கேட்டில் யாருமில்லாத நேரம், போனை வாயடியில் பிடித்துப் பேசினேன். நான் பாதிதான் கண்டேன், அந்த மனுசன் கேட்டுத்தான் எடுத்தார், சீட்டு இருக்கிறது, பிழை என்னுடையது என்று எல்லாம் பேசினேன். ஐந்து தரம் பேசி அழித்து, ஆறாவது தரம் அனுப்பப் போனேன். அனுப்புகிற இடம் இல்லை. அங்கே அச்சில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.

திங்கள் காலையில் அதிபரிடம் போனேன். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாது.

"வாட்சர், நான்தான் பூட்டினனான். இனி ஆரும் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கதைக்கக் கதைக்க ஸ்கூலின்ட பேர்தான் நாறும். கம்ப்யூட்டர் வகுப்பையும் நிப்பாட்டியாச்சு. அந்த டீச்சராலதான் இவ்வளவும்."

"டீச்சரால இல்லைங்க சேர். என்னால."

"ரெண்டும் ஒண்டுதான். போய் மணியை அடியும்."

இடைவேளையில் யதுர்ஷிகா மதிலோரம் தனியாக நின்றாள். யாரோடும் விளையாடவில்லை. போனை அவளிடம் கொண்டுபோனேன்.

"புள்ள, நான் அன்னைக்குப் பேசினத எல்லாரோட போன்ல இருந்தும் அழிக்க ஏலுமாமே. எப்புடி?"

வாங்கிப் பார்த்தாள். அழுத்தினாள். "இல்லைத் தாத்தா. ரெண்டு நாளும் கொஞ்சமும் கழிஞ்சா அது காட்டாது. உங்கட போனில இருந்துதான் அழியும்." பிறகு, "வேற ஆக்களுக்கு அனுப்பினது முதல் நாளும் அழியாது. டீச்சர் சொன்னவா. நீங்களும் கதவடியில இருந்தனீங்கள்தானே" என்றாள்.

குத்திச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். போனைத் தந்துவிட்டு, "நீங்கள் அண்டைக்கு ஓம் எண்டிருந்தா நான் அவரிட்டப் போயிருக்க மாட்டன்" என்றாள்.

மணி அடிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டைத் திறந்ததும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய். அந்த ஆளு புள்ளகிட்ட எழுதிக் கேட்டுத்தான் எடுத்தாரு." சிலர் "ஆ, அப்பிடியே" என்று போனார்கள். ஒரு தாய், "விடுங்கோ வாட்சர், உங்கட மனசு நல்லம். அவங்களை நம்பேலாது" என்றார். அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. ஒரு கிழமைக்கு முன் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கஜேந்திரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மகளை இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகும் வரை பார்த்தார்.

"எனக்கும் ஏன் சொல்லுறீங்கள்? எனக்குத் தெரியும். பிள்ளை அண்டு பின்னேரமே சொல்லிப்போட்டாள்."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீங்கள் ஏன் இருந்தனீங்கள்?" அவர் கையைப் பார்த்தேன். விரல் முட்டியில் காயம் இன்னும் ஆறவில்லை. "அவர் படம் எடுத்ததை நான் கண்டது கூட இல்லை. உங்கட குரலை நம்பித்தான் கை வைச்சனான். இனி நான் பொலிஸுக்கும் கோட்டுக்கும் அலையப்போறன். நீங்கள் கேட்டடியில நிண்டு புண்ணியம் தேடுங்கோ."

போய்விட்டார். பத்து மணிக்கு அதிபர் கூப்பிட்டார். மாத முடிவோடு அறையை விட வேண்டும், அதுவரை கேட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றார். திறப்புக் கொத்தை மேசையில் வைத்தேன். ஜீவராணி டீச்சரிடம் போய்ச் சீட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் தந்தார். அவரும் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

காலி வீதியில் பஸ் ஏறிக் கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என் குரல் ஏற்கெனவே அங்கே போயிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை விசாரித்துக் கண்டுபிடித்தபோது ஒன்றரை மணி ஆகப் போகிறது. வாசலில் தாய்மாரும் ஓட்டோக்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கேட்டில் என்னைப் போலவே ஒரு வாட்சர், என்னிலும் இளையவன். மணி அடித்தான். முதல் வகுப்புகள் வெளியே வரத் தொடங்கின.

சீட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் சத்தமாகத் தொடங்கினேன்.

"பெற்றோருக்கு வணக்கம். கேட்டுல இருந்து வாட்சர் பேசுறேன்."

தலைகள் திரும்பின. அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அஷ்பாக் என்றேன், உங்கள் ஊர் ஆள் என்றேன், அவர் பிள்ளை பிடிக்க வரவில்லை, எழுதிக் கேட்டார், நான் வாசிக்காமல் பேசினேன், அவருக்கு ஒரு கண் போய்விட்டது என்றேன். அந்த இளைய வாட்சர் போனை எடுத்து என்னைப் பிடிக்கத் தொடங்கினான். என்னிடம் கேட்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. முகத்தை அவன் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முடிக்கும்போது எனக்கு நேரே ஜவாஹிறா நின்றார். கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. தண்ணீர் தந்த அதே கை.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் சரிதான். அவர் என் முகத்தையும் வாயையும் பார்த்தார்.

"ஊமயன் எண்டு நெனச்சேன்" என்றார்.

மகளை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பின் மற்றப் பிள்ளைகள் அப்போதுதான் வெளியே வந்தார்கள். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.